கறுப்பு ஒயர்

நீடாமங்கலம் கேட்டில் நின்றோம்.
சரக்கு ரயில் ஒன்று
இஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டிக்கொண்டிருந்தது
அவசரமேயில்லாமல்.
பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று
நாடிமுத்து வண்டியை அணைத்தார்.
கேட் திறந்தபோது சாவி திரும்பியது,
வண்டிக்கு உயிர் திரும்பவில்லை.

முள் கால் டேங்க் என்றது.
பின்னால் நின்ற மன்னார்குடி பஸ்
ஹாரனில் வேறென்னவோ சொன்னது.

வலங்கைமான் தனுஷ்கோடியிடம் வாங்கிய அம்பாசடர்.
விற்கும்போதே சொன்னார்:
"கொஞ்சம் சூடாகும், தண்ணி பாத்துக்கணும்.
ரேடியேட்டர் மாத்தியாச்சு, ரெண்டு தடவ."
பெட்ரோலைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை.
அதற்குத்தான் முள் இருக்கிறதே.

அன்றிலிருந்து இவர்
பின் பம்பரைப் பிடித்து வண்டியை ஆட்டி
உள்ளே குலுங்கும் சத்தத்தை வைத்து அளந்தார்,
தேங்காய் வாங்குகிறவர் போலக் காதைச் சாய்த்து.
காலையில் பேப்பரை விரித்ததும்
"மேட்டூர் எண்பத்தேழு அடி" என்று
எனக்கும் தெருவுக்கும் சேர்த்துப் படிக்கிறவர்.
இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள அணையில் எவ்வளவு என்று தெரியும்,
முதுகுக்குப் பின்னால் உள்ள டேங்கில் தெரியாது.

நான் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர்.
முப்பது கால்வனோமீட்டர்களைத் துடைத்து அடுக்குகிறவள்.
முள்ளுக்குப் பொய் சொல்லத் தெரியாது,
தனக்கு வந்ததைச் சொல்லும்.

சனிக்கிழமை, கையெழுத்துப் போட்டு
மல்டிமீட்டரை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

மிதவைக்குப் போகும் ஒயரைக் கழற்றினால்
முள் படுத்துவிடுகிறது.
அதையே தகரத்தில் தொட்டால்
ஃபுல்லையும் தாண்டிப் போய் முட்டுகிறது.
ஒயர் சரி.
மிதவையின் ஓம்ஸை அளந்தேன்.
பாவம், முதல் நாளிலிருந்தே அது
காலி, காலி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்புறம்தான் பக்கத்து முள்ளைப் பார்த்தேன்.
ஐந்து நிமிடம்கூட ஓடாத இஞ்சின்,
ரேடியேட்டரில் கை வைத்தால் குழந்தையைக் குளிப்பாட்டலாம்,
வெப்பமுள்ளோ சிவப்பைத் தேடி ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டு முட்களும் சேர்ந்து ஒரே பக்கம் ஏறினால்
முட்களைத் திட்டிப் பயனில்லை.
இரண்டுக்கும் படியளக்கிறவன் ஒருவன் இருப்பான்.

இருந்தான்.
டாஷ்போர்டுக்குப் பின்னால், தீப்பெட்டி அளவில்,
ஸ்டெபிலைசர்.
பத்து வோல்ட்டாகக் குறைத்து விட வேண்டியவன்
பலகை போடாத மதகு மாதிரி
பேட்டரியில் இருந்ததையெல்லாம் விட்டுக்கொண்டிருந்தான்.
அவன்மீதும் தப்பில்லை.
எர்த் இல்லை அவனுக்கு.

நாலு ரப்பர்மேல் நிற்கிற வண்டி
மண்ணைத் தொடுவதேயில்லை.
தன் தகரத்தையே மண் என்று வைத்துக்கொள்கிறது.
அந்தத் தகரத்துக்கும்
இந்தக் கறுப்பு ஒயருக்கும் நடுவே
தனுஷ்கோடி, மகள் கல்யாணத்துக்கு
வண்டி முழுக்க அடித்த க்ரீம் கலர் பெயிண்ட்.
அதன் மேலேயே திருகை முடுக்கியிருந்தார்கள்.

ரேடியேட்டர் இரண்டு
செய்யாத குற்றத்துக்குப் போயிருக்கின்றன.

பிளேடால் சுரண்டினேன்.
காலணா அளவுக்குத் தகரம் மினுங்கியது.
ஒயரை வைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின்.

"இப்பப் போடுங்க."

வெப்பமுள் சாதுவாகக் கீழேயே நின்றது.
பெட்ரோல் முள் ஒருமுறை சிலிர்த்துவிட்டுக்
காலிக்கோட்டில் போய் உட்கார்ந்தது.

நாடிமுத்து கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.
"இருந்த கால் டேங்கும் போச்சா?"

டார்ச்சை வாயில் கவ்வியிருந்ததால்
நான் சிரிக்க முடியவில்லை.

கேனை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனார்.
வந்து ஊற்றினார், ஐந்து லிட்டர்.
முள் எழுந்து, எவ்வளவோ அவ்வளவில் நின்றது.
அதைக் குனிந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப்
பின்பக்கம் போய்
பம்பரைப் பிடித்து ஆட்டினார்,
காதைச் சாய்த்து.